தெருவில் தெரிந்த கொடுமையும் கொட்டகைக்குள் தெரியாத கொடுமையும்

நான் படிப்பது பி.காம். கால்நடை மருத்துவமும் தெரியாது, சட்டமும் தெரியாது. அடக்கவிலை, லாபம், நட்டம் இவைதான் என் பாடம். ஆனாலும் ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருக்கிறது. "வாயில்லா ஜீவனை வதைக்கக் கூடாது" என்று நம் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். சட்டமும் அதையேதான் சொல்கிறது. அப்படியென்றால் அந்தச் சட்டம் இதுவரை எந்த ஜீவனைப் பார்த்தது? எந்த இடத்தில் வைத்துப் பார்த்தது? எதைப் பார்க்காமல் விட்டது? இதைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது சைவமா அசைவமா என்ற சண்டை இல்லை. முட்டை சாப்பிடுகிறவர்களும் சாப்பிடாதவர்களும் படிக்கலாம் :-)

ஓமந்தூரிலிருந்து ஆரம்பிப்போம்

திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஓமந்தூரை வெளியூர்க்காரர்களுக்கு ஒரே ஒரு மனிதரால்தான் தெரியும். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக (இப்போதைய முதலமைச்சர் பதவி) இருந்தவர். நாடு விடுதலை அடைந்த நாளில் சென்னை மாகாணத்தை ஆண்டவர் ஒரு கிராமத்து விவசாயி. வள்ளலார் வழியில் நின்றவர். பதவியை விட்டபின் வடலூருக்குப் போய் சுத்த சன்மார்க்க நிலையத்தில் பணியாற்றியவர்.

வள்ளலார் 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவர் எழுதிய உரைநடை நூலின் பெயரே 'ஜீவகாருண்ய ஒழுக்கம்'. பசி தீர்ப்பதுதான் அதில் முதல் கடமை. உணவுக்காக உயிரைக் கொல்வதை அவர் ஏற்கவில்லை. நம் பகுதியில் விலங்குகளைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள்: கொல்லலாமா, கூடாதா? திருக்குறளில்கூட 'புலால் மறுத்தல்', 'கொல்லாமை' என்று இரண்டு தனி அதிகாரங்கள் இருக்கின்றன.

இந்தக் கேள்வி முக்கியமானதுதான். ஆனால் இது விலங்கு சாகும் நேரத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு முன்னால் அந்த விலங்கு எப்படி வாழ்ந்தது என்பது வேறு கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியைச் சட்டம் எப்போது கேட்டது என்று இனிப் பார்ப்போம்.

1890: தெருவில் தெரிந்தால் குற்றம்

வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்தியா முழுவதற்குமாக 1890-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மாட்டை அடிப்பது, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது போன்றவை அதில் குற்றம். ஆனால் அந்தக் குற்றம் எங்கே நடக்க வேண்டும் தெரியுமா? தெருவில், அல்லது பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில், அல்லது தெருவில் நிற்கிறவரின் கண்ணுக்குத் தெரியும்படியான இடத்தில். முக்கியமான பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

அந்தக் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. வண்டி மாடும் குதிரையும் தெருவில்தான் வேலை செய்தன. அடி வாங்கியதும் தெருவில்தான். பார்த்தவர்கள் மனம் பொறுக்காமல் சங்கம் அமைத்தார்கள், சட்டம் கேட்டார்கள்.

அதே சட்டத்தில் பால் சம்பந்தமான ஒரு கொடுமைக்கும் தண்டனை இருந்தது. 'பூக்கா' என்பார்கள். பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதி, மிச்சம் இருக்கும் பாலையும் கறந்து எடுக்கும் முறை. கல்கத்தா போன்ற பெரிய நகரங்களின் பால் தொழுவங்களில் நடந்தது. மாட்டுக்காரர்கள் மாடுகளைப் படுத்தும் பாட்டைப் பற்றிப் படித்ததும் காந்தி பாலை விட்டதற்கு ஒரு காரணம். 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். இந்தியா திரும்பியபின் கடுமையாக நோய்ப்பட்டு, வேறு வழியில்லாமல் ஆட்டுப்பால் குடிக்க ஆரம்பித்தார்.

பூக்கா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே யாரும் மாட்டைக் கொல்லவில்லை. உணவு உற்பத்திக்காக, உயிரோடு இருக்கும் விலங்கைப் படுத்தும் பாடு அது. சட்டத்தின் கண் தெருவைத் தாண்டித் தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்தது அபூர்வம். பார்த்த அந்த ஓர் இடம் இது.

1950: கோயில் வாசல் ஆடு

ஓமந்தூராருக்குப் பிறகு குமாரசுவாமி ராஜா முதல்வரானார். அவர் காலத்தில் 1950-ல் சென்னை விலங்குகள், பறவைகள் பலியிடல் தடைச் சட்டம் வந்தது. கோயிலிலும் கோயில் எல்லைக்குள்ளும் ஆடு, கோழி பலி கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

சட்டம் வந்ததே தவிர, அய்யனார் கோயிலிலும் மாரியம்மன் கோயிலிலும் கிடா வெட்டு நின்றுபோனதா? இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் சட்டம் ஒரு பக்கம் இருந்தது, கிடா வெட்டு ஒரு பக்கம் நடந்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு அந்தச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னதும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கிராம தெய்வ வழிபாட்டில் அரசு எதற்குத் தலையிடுகிறது என்று கேட்டார்கள். 2004-ல் சட்டமே ரத்தானது.

இந்த விவாதத்தில் யார் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கணக்குதான் சொல்கிறேன். கோயில் கிடா வருடத்துக்கு ஒருமுறை எல்லோர் கண் முன்னாலும் வெட்டப்படுகிறது. அதற்குச் சட்டம், எதிர்ப்பு, ரத்து என்று ஐம்பத்து நான்கு வருட வரலாறு இருக்கிறது. அந்தக் கிடா அதுவரை மேய்ச்சல் காட்டில் வேலிக்கு வேலி தாவி, தழை கடித்து வளர்ந்தது. சட்டத்துக்குப் பிரச்சினையாகப் பட்டது அதன் கடைசி ஒரு நிமிடம் மட்டும்தான்.

ருக்மிணி தேவியும் 1960 சட்டமும்

அடையாறு கலாக்ஷேத்ரா நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேலை நாம் பரதநாட்டியத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான அவர், மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேரு, அரசே இதைவிட விரிவாக ஒரு சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கொடுத்து அதைத் திரும்பப் பெறச் செய்தார். குழு போட்டார்கள், ஆராய்ந்தார்கள், 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி. பல பத்தாண்டுகள் அதன் தலைமை அலுவலகம் நம் சென்னையில்தான் இருந்தது. பிறகுதான் ஹரியானாவுக்குப் போனது.

இந்தச் சட்டம் தெருவோடு நிற்கவில்லை. அதில் ஒரு பிரிவு இருக்கிறது: 11(1)(e). ஒரு விலங்கை அடைத்து வைக்கும் கூண்டு, அது நியாயமான அளவுக்கு அசைந்து நடமாட முடியாத உயரம், நீளம், அகலத்தில் இருந்தால் குற்றம். கடைசியில் இரண்டாவது கேள்வியைச் சட்டம் கேட்டுவிட்டது!

ஆனால் அபராதத்தைப் பாருங்கள். முதல் தடவை குற்றத்துக்குக் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். 1960-ல் 50 ரூபாய் நல்ல தொகை. அறுபது வருடம் கழித்தும் அதே 50 ரூபாய் என்றால்? எங்கள் பாடத்தில் இதைப் பண மதிப்பு வீழ்ச்சி என்போம். எந்தத் தொழிலிலும் இதைச் செலவுக் கணக்கில்கூட எழுத மாட்டார்கள்.

நாமக்கல் வளர்ந்த கதை

சட்டம் வந்த சமயத்தில் நம் ஊர்க் கோழி தெருக்கோழிதான். பகலெல்லாம் குப்பைமேட்டைக் கிளறும், மண்ணில் புரளும், பொழுது சாய்ந்ததும் தானாக வந்து கூடையில் அடங்கும். வருடத்துக்கு 60, 70 முட்டை இட்டால் பெரிது. அதிலும் பாதியை அடைகாக்க வைத்துவிடுவார்கள்.

1970-களில் இருந்து நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகள் பெருகின. மழை குறைந்த பூமி. விவசாயத்தை மட்டும் நம்ப முடியாதவர்கள் துணிந்து கடன் வாங்கி இறங்கிய தொழில். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) உருவானது. இடைத்தரகர்கள் வைத்ததே விலை என்ற நிலை போய், பண்ணைக்காரர்கள் தாங்களே விலையை அறிவிக்க ஆரம்பித்தார்கள். வணிகம் படிக்கிறவனாகச் சொல்கிறேன், அது பெரிய சாதனை. இன்று நாமக்கல் முட்டை கேரளாவுக்கும் போகிறது, வளைகுடா நாடுகளுக்கும் போகிறது.

புது ரகக் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். தீவனம், தடுப்பூசி, வெளிச்சம் எல்லாம் அளந்து கொடுக்கப்படும். இடமும் அளந்துதான். வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டு. ஒரு கூண்டில் சில கோழிகள். அடிக்கம்பி சாய்வாக இருப்பதால் முட்டை உருண்டு முன்னால் வந்துவிடும். எச்சம் கீழே விழுந்துவிடும். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் சுமார் 450 சதுர சென்டிமீட்டர். நாம் அசைன்மென்ட் எழுதும் ஏ4 தாள் 624 சதுர சென்டிமீட்டர். தாளில் கால்வாசிக்கு மேல் கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தரையில் வையுங்கள். அதுதான் அந்தக் கோழிக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக வீடு. இறக்கையை விரிக்க முடியாது. மண் குளியல் கிடையாது. முட்டையிட மறைவிடம் தேடுவது கோழியின் பிறவிக் குணம், அதற்கும் வழியில்லை. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகின் நுனியைச் சுட்டுக் குறைத்துவிடுகிறார்கள்.

பண்ணைக்காரர் கொடுமைக்காரர் இல்லை. கோழி செத்தால் அவருக்குத்தான் நட்டம், ராத்திரி கரண்ட் போனால் எழுந்து ஓடுகிறவர் அவர். ஆனால் பக்கத்துப் பண்ணை 450-ல் வளர்த்து விற்கும்போது இவர் மட்டும் 750 கொடுத்தால் சந்தையில் நிற்க முடியாது. தனி ஒருவரின் நல்ல மனதால் தீராத விஷயம் இது. பொது விதி வேண்டியது இதற்காகத்தான்.

இங்கிலாந்தில் ஒரு புத்தகம்

இதே கூண்டு முறை நமக்கு முன்பே மேல்நாடுகளில் பரவியது. 1964-ல் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி 'விலங்கு எந்திரங்கள்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். தெருவில் யாரும் பார்க்காத கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்று அதில் எழுதியிருந்தார். மக்கள் அதிர்ந்தார்கள். பிரிட்டிஷ் அரசு பிராம்பெல் தலைமையில் குழு அமைத்தது. 1965-ல் அந்தக் குழு கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்: பண்ணை விலங்கு நிற்க, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, கை கால் நீட்ட முடிய வேண்டும்.

இதிலிருந்துதான் பின்னால் 'ஐந்து சுதந்திரங்கள்' வந்தன. பசி தாகத்திலிருந்து விடுதலை, அசௌகரியத்திலிருந்து விடுதலை, வலி, காயம், நோயிலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்குச் சுதந்திரம், அச்சம், துயரத்திலிருந்து விடுதலை. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் சட்டம் போட்டு, 2012 ஜனவரி 1 முதல் வெறும் கம்பிக் கூண்டைத் தடை செய்தது. கூண்டு வைத்தால் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர், உட்காரக் கழி, முட்டையிட மறைவிடம் வேண்டும் என்றது. பண்ணைக்காரர்களுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

2017: ஒரு காளையும் பல கோடிக் கோழிகளும்

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த தீர்ப்பில் அந்த ஐந்து சுதந்திரங்களைக் குறிப்பிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரியில் மெரினாவே நிரம்பியது. மாநில அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது.

அதே 2017 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-வது அறிக்கையைக் கொடுத்தது. முட்டைக்கோழிகளையும் கறிக்கோழிகளையும் எப்படி வைத்திருக்க வேண்டும், எப்படி ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதுதான் அறிக்கையின் பொருள். அதற்குச் சில வருடங்கள் முன்பே, இப்படிப்பட்ட கூண்டு 11(1)(e) பிரிவுக்கு எதிரானது என்று விலங்குகள் நல வாரியம் மாநிலங்களுக்குச் சொல்லியிருந்தது.

ஜல்லிக்கட்டுக்கு ஆதரவும் எதிர்ப்பும் ஊரெல்லாம் கேட்டது. கோழி அறிக்கையைப் பற்றி என் வகுப்பில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. காளை வாடிவாசல் வழியாக எல்லோர் முன்னாலும் வருகிறது. கோழி வருவதில்லை. முட்டை மட்டும்தான் வருகிறது. 1890 சட்டத்தில் இருந்த அந்தத் 'தெருவில் தெரியும் இடம்' சட்டத்தை விட்டுப் போய்விட்டது, நம் மனதை விட்டு இன்னும் போகவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

"இடம் அதிகம் கொடுத்தால் முட்டை விலை ஏறிவிடும், ஏழைகள் என்ன செய்வார்கள்?" இதுதான் வழக்கமான பதில். நியாயமான கேள்வி. அதனால் கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர்.

450 வீதம் என்றால் 22 கோழி.
550 வீதம் என்றால் 18 கோழி.
750 வீதம் என்றால் 13 கோழி.

கேட்டால் பெரிய இழப்பு போலத் தெரியும். ஆனால் முட்டையின் அடக்கவிலையில் பெரும்பகுதி தீவனம். நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாது. கோழிக்கு இடம் கூடினாலும் தீவனச் செலவு இதே மாதிரி எகிறாது. கொட்டகை, கூண்டு செலவு நூற்றுக்குப் பத்து என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (இது நான் வைத்துக்கொண்ட எண்). 550-க்குப் போனால் அந்தப் பத்து 12.2 ஆகும். 750-க்குப் போனால் 16.7 ஆகும். அடக்கவிலை 5 ரூபாய் என்றால் முட்டைக்கு முதல் கணக்கில் 11 பைசா, இரண்டாவது கணக்கில் 33 பைசா கூடும்.

கூண்டே இல்லாமல் தரையில் வளர்த்தால் ஆள் கூலி, நோய், முட்டை உடைவது என்று செலவு இன்னும் ஏறும். அதையும் ஒளிக்கக் கூடாது. ஆனால் முதல் படிக்கான செலவு பைசாக் கணக்கில்தான் இருக்கிறது. இப்போது அந்தப் பைசாவைக் கோழி தன் உடம்பால் கட்டிக்கொண்டிருக்கிறது. யாருடைய கணக்குப் புத்தகத்திலும் அந்தப் பற்று எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான்.

சத்துணவு முட்டை

இந்த விஷயத்தில் தமிழ்நாடு மற்ற மாநிலம் மாதிரி இல்லை. இங்கே சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று உயர்ந்தது. என்னோடு படித்த பலர் அந்த முட்டை சாப்பிட்டு வளர்ந்தவர்கள். வீட்டில் முட்டை வாங்க முடியாத பிள்ளைக்கு அது சாதாரண விஷயம் இல்லை. அதில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் இதை இன்னொரு பக்கத்தில் இருந்தும் பார்க்கலாம். இவ்வளவு முட்டை வாங்கும் அரசு சாதாரண வாடிக்கையாளர் இல்லை. டெண்டரில் முட்டையின் எடை இவ்வளவு இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. கோழிக்கு இடம் இவ்வளவு இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்கலாமே? மேலே போட்ட கணக்குப்படி ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு 1 ரூபாய் 65 பைசா, நாற்பது வாரத்துக்கு 66 ரூபாய். இதைப் பிள்ளை கொடுக்க வேண்டாம், பண்ணைக்காரர் தலையில் கட்டவும் வேண்டாம். அரசு கொடுக்கட்டும். பண்ணைக்காரருக்குப் பத்து வருட அவகாசமும், கூண்டு மாற்றக் குறைந்த வட்டிக் கடனும் கொடுக்கட்டும்.

"அவரவர் பண்ணை, அவரவர் கோழி, அரசு எதற்குத் தலையிட வேண்டும்?" என்று கேட்பார்கள். இங்கே எனக்கு மறுபடியும் எங்கள் ஊர்க்காரர் ஞாபகம் வருகிறது. ஓமந்தூரார் ஆட்சியில் 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது, 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஒன்றுக்கு மரபு என்று பெயர், இன்னொன்றுக்குச் சொத்து என்று பெயர். மனிதர்கள் பட்டதையும் கோழி படுவதையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் சொத்து, மரபு என்ற இரண்டு வார்த்தைகளைச் சொன்னதும் அரசு வாசலிலேயே நின்றுவிட வேண்டும் என்று ஓமந்தூரார் நினைக்கவில்லை.

கொல்லலாமா கூடாதா என்ற விவாதம் இன்னும் ஆயிரம் வருடம் நடக்கும். நடக்கட்டும். அது முடியும்வரை 550 சதுர சென்டிமீட்டர் காத்திருக்க வேண்டியதில்லை. முட்டை சாப்பிடும் நாம்தான் அதை முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் நாம் கேட்டால்தான் பண்ணைக்காரருக்கும் அரசுக்கும் அது வியாபாரம்.